தலைகீழ் தரை டிக்கெட்: நியூயார்க் மெட் ஓபராவை உச்சி வரிசையில் இருந்து பார்ப்பது எப்படி

நம் ஊர் சினிமா கொட்டகையில் கையில் காசு இல்லாதவன் திரைக்கு முன்னால் தரை டிக்கெட்டில் கழுத்தை அண்ணாந்தபடி உட்காருவான், காசு உள்ளவன் மாடியேறி பால்கனிக்குப் போவான். மேலைநாட்டு இசை நாடகமான ஓபராவின் அரங்கில் இது அப்படியே தலைகீழ். மேடைக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் இருப்பவர்கள் பணக்காரர்கள், படி ஏற ஏற டிக்கெட் விலை இறங்கிக்கொண்டே போகும், கூரையைத் தொடுகிற உயரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அதுதான் இங்கே தரை டிக்கெட். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில், சுருக்கமாக மெட், அந்த உச்சித் தளத்துக்கு ஃபேமிலி சர்க்கிள் என்று பெயர். பல வருடமாக நான் அங்கேதான் போய் உட்காருகிறேன். முதலில் காசுக்காகப் போனேன், இப்போது காதுக்காகப் போகிறேன்.

நியூஜெர்சியிலும் குயின்ஸிலும் இருந்துகொண்டு "ஓபராவா, அதெல்லாம் பெரிய இடத்து சமாச்சாரம்" என்று ஒதுங்கி நிற்கும் நம் ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வேறு ஊரில் இருந்தாலும் பாதிக்கு மேல் பயன்படும், ஏனென்றால் லண்டனோ வியன்னாவோ மிலானோ, மலிவு இருக்கைகளின் குணம் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதலில் எந்த ஓபரா என்று முடிவு செய்யுங்கள். முதல் தடவைக்கு நான் எல்லோருக்கும் சொல்வது இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் லா போஎம். 1896இல் டூரினில் முதன்முதலாக மேடையேறியது, மெட் வரலாற்றிலேயே அதிகத் தடவை நடத்தப்பட்டது. கதை எளிது. பாரிஸில் வாடகை கொடுக்கக் காசில்லாத நாலு வாலிபர்கள், பக்கத்து அறைப் பெண் மெழுகுவர்த்தி அணைந்துபோய் நெருப்பு கேட்டு வருகிறாள், காதல், சண்டை, காசநோய், சாவு. நம் பழைய சினிமா பார்த்து அழுதவர்களுக்கு இதில் புரியாமல் போக ஒன்றுமே இல்லை. இடைவேளைகளைச் சேர்த்தாலும் சுமார் மூன்று மணி நேரம்தான். அங்கே 1981இல் இருந்து ஓடிக்கொண்டிருக்கும், இயக்குநர் செஃபிரெல்லியின் தயாரிப்பில் இரண்டாவது அங்கம் திறக்கும்போது மேடையில் ஒரு பாரிஸ் தெருவே நிற்கும், கூட்டம், கழுதை வண்டி, குதிரை வண்டி எல்லாம் சேர்த்து. யாரும் வாயைத் திறந்து பாடுவதற்கு முன்பே செட்டுக்குக் கைதட்டல் விழும்.

பீசேயின் கார்மென், வெர்டியின் லா டிராவியாட்டா, புச்சினியின் டோஸ்கா, இவையும் முதல் தடவைக்குச் சரி. குழந்தைகளோடு போவதென்றால் டிசம்பர் விடுமுறை சமயத்தில் மொஸார்ட்டின் மேஜிக் ஃப்ளூட்டை ஆங்கிலத்தில், சுருக்கி, இடைவேளை இல்லாமல் போடுவார்கள், அதைப் பிடியுங்கள். வாக்னர் மட்டும் முதலில் வேண்டவே வேண்டாம். நண்பர் ஒருவரை நேராக ஐந்து மணி நேர பார்சிஃபாலுக்குக் கூட்டிப் போனேன், அதற்கப்புறம் ஓபரா என்று நான் வாயெடுத்தாலே அவர் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்.

கிராண்ட் ஓபரா என்று சொல்கிறார்களே, அது என்ன? கறாராகச் சொன்னால் 19ஆம் நூற்றாண்டு பாரிஸில் வளர்ந்த ஒரு வகை. நாலைந்து அங்கம், சரித்திரக் கதை, பெரிய கோரஸ், நடுவில் பாலே. மேயர்பீர் அதில் கொடிகட்டிப் பறந்தவர், வெர்டியும் 1867இல் பாரிஸுக்காக டான் கார்லோஸை அந்த அச்சில்தான் எழுதினார். பேச்சுவழக்கில் பெரிய மேடை, பெரிய வாத்தியக்குழு என்று நடக்கும் எதையும் அப்படிச் சொல்லிவிடுகிறோம். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த மாதிரி பிரம்மாண்டங்களுக்கு மேல் மாடி உண்மையிலேயே நல்ல இடம். வெர்டியின் ஐதாவில் வரும் வெற்றி ஊர்வலத்தைத் தரைத்தளத்தில் இருந்து பார்த்தால் முன்வரிசை சிப்பாய்களின் முதுகுதான் தெரியும், மேலே இருந்து பார்த்தால் முழு அணிவகுப்பும் கோலம் மாதிரி விரியும். பாலேவுக்கும் அப்படித்தான்.

நமக்கு ஒட்டு உறவு உள்ள ஓபராக்களும் உண்டு. பீசே 1863இல் எழுதிய முத்துக்குளிப்பவர்கள் பற்றிய ஓபராவின் கதை நடக்கும் இடம் இலங்கை. மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பு நமக்குத் தெரியும், ஆனால் இதில் வரும் ஆட்களின் பெயர் நாதிர், சூர்கா, கும்பிடும் சாமி பிரம்மா. முதலில் மெக்ஸிகோவை வைத்து எழுத நினைத்து, பிறகு இலங்கைக்கு மாற்றினார்களாம், பார்த்தாலே தெரியும். ஆனால் அதில் இரண்டு நண்பர்கள் சேர்ந்து பாடும் அந்த ஒரு பாட்டுக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம். மெட்டில் 1916க்கு அப்புறம் அது மறுபடி மேடையேறியது 2015 டிசம்பர் 31 அன்று. இன்னொன்று அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸின் சத்யாகிரகா, தென்னாப்பிரிக்காவில் காந்தி, பாடல் வரிகள் முழுக்க பகவத் கீதை சமஸ்கிருதம். அதன் கடைசி அங்கம் 1913 நியூகாசில் நடைப்பயணம், ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் தமிழர்கள் ஏராளமாக நடந்த அதே பயணம். 2008இலும் 2011இலும் மெட்டில் நடந்தது, திரும்ப எங்கே போட்டாலும் விடாதீர்கள்.

சரி, டிக்கெட். மெட் அரங்கில் சுமார் 3,800 இருக்கைகள், ஆறு தளங்கள். கீழிருந்து மேலே ஆர்கெஸ்ட்ரா, பார்டேர், கிராண்ட் டியர், டிரெஸ் சர்க்கிள், பால்கனி, ஃபேமிலி சர்க்கிள். இதில் ஆர்கெஸ்ட்ரா என்றால் வாத்தியக்காரர்கள் இல்லை, தரைத்தள இருக்கைகள். பால்கனி என்று கண்டதும் நம் ஊர் நினைப்பில் உசத்தி என்று நினைத்துவிடாதீர்கள், அது கடைசிக்கு முந்தியது. ஒரே காட்சிக்குக் கீழே 200, 300 டாலர் போகும்போது மேலே பல நாட்களில் 30, 40 டாலருக்குக் கிடைக்கும். சனிக்கிழமை இரவும் பெரிய நட்சத்திரம் பாடும் நாளும் ஏறும், செவ்வாய், புதன் இறங்கும். பருவம் செப்டம்பர் கடைசியில் தொடங்கி கோடை தொடங்கும்வரை. ஆன்லைனில் வாங்கினால் சேவைக் கட்டணம் என்று தனியாக ஒன்று ஒட்டிக்கொள்ளும், 35 டாலர் டிக்கெட்டில் அது உறுத்தும். அந்தப் பக்கம் போகிற வேலை இருந்தால் நேரே கவுன்ட்டரில் வாங்குங்கள்.

இருக்கை தேர்வில் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு, நானும் செய்தேன். பக்கவாட்டில் முதல் வரிசை கிடைக்கிறது, நடுவில் கடைசி வரிசை கிடைக்கிறது, விலை ஒன்றுதான். முதல் வரிசைதானே, பக்கவாட்டை எடுப்போம் என்று தோன்றும். எடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் மேடையின் ஒரு பகுதி தெரியவே தெரியாது, கதாநாயகி எந்த மூலையில் போய்ச் சாகிறாளோ அது சரியாக அந்த மறைந்த பகுதியாகத்தான் இருக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது, அவள் இறந்ததைப் பக்கத்து இருக்கைக்காரி மூக்கைச் சிந்தியதை வைத்துத் தெரிந்துகொண்டேன். நடுவில் எவ்வளவு பின்னால் இருந்தாலும் பரவாயில்லை. உயரம் குறைந்தவர்கள் ஒரு பிரிவின் முதல் வரிசையை எடுப்பதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள், கைப்பிடிக் கம்பி கண்ணுக்கு நேராக வரலாம். பார்வை மறைக்கும் என்று டிக்கெட்டில் குறிப்பு போட்டிருந்தால் அதை நம்புங்கள், சும்மா போடமாட்டார்கள்.

உச்சித் தளத்தின் ஓரங்களில் ஸ்கோர் டெஸ்க் என்று ஒரு விசித்திரமும் உண்டு. சின்ன மேஜை, சின்ன விளக்கு, மேடை தெரியாது. இசைக்குறிப்புப் புத்தகத்தை விரித்து வைத்துப் பின்தொடர்ந்துகொண்டே கேட்கும் சங்கீத மாணவர்களுக்கானது. நொட்டேஷன் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது சொர்க்கம், மற்றவர்களுக்கு இருட்டில் ஒரு மேஜை.

மலிவாக ஆனால் கீழே உட்கார ஆசை என்றால் ரஷ் டிக்கெட். வார நாள் மாலைக் காட்சிக்கு அன்று பகல் 12 மணிக்கு இணையத்தில் திறப்பார்கள், 25 டாலர், ஒருவருக்கு இரண்டு. தத்கால் புக்கிங் அனுபவம் உள்ளவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. முன்கூட்டியே கணக்கில் நுழைந்து, கார்டு விவரம் எல்லாம் போட்டு வைத்துக்கொண்டு 11.58க்கே விரலை வைத்துக் காத்திருங்கள். பிரபலமான ஓபராவுக்கு நிமிடங்களில் காலியாகிவிடும், யாருக்கும் தெரியாத ஓபராவுக்கு ஒரு மணிக்குக்கூட இருக்கும். எந்த இருக்கை என்பதை அவர்களே கொடுப்பார்கள். இது தவிர, சில காட்சிகளுக்கு நின்று பார்க்கும் டிக்கெட்டும் கிடைக்கலாம். சாய்ந்துகொள்ளக் கம்பி இருக்கும், ஆனால் மூன்று மணி நேரம் நிற்கும் கால் உங்களுக்கு இருக்கிறதா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வியன்னாவில் நின்று பார்ப்பது ஒரு பெரிய கலாச்சாரம், அங்கே துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி கழுத்துக் குட்டையைக் கம்பியில் கட்டி வைத்துவிட்டுப் போவார்கள், யாரும் தொடமாட்டார்கள்.

இப்போது வீட்டுப்பாடம். இதைச் செய்யாமல் மேல் மாடிக்குப் போனால் தூங்கிவிடுவீர்கள், சத்தியமாக. கீழே இருப்பவருக்குப் பாடகர் முகம் தெரியும், அதை வைத்தே கொஞ்சம் ஓட்டிவிடலாம். மேலே நமக்கு முகம் கட்டைவிரல் நகம் அளவு. அதனால் கதை முன்கூட்டியே மண்டையில் இருக்க வேண்டும். முடிவு தெரிந்தால் சுவாரஸ்யம் போய்விடுமே என்று யோசிக்காதீர்கள், விடிய விடியக் கூத்து பார்த்த நம் தாத்தா பாட்டிக்கு துரியோதனன் தோற்பான் என்று தெரியாதா என்ன? கதைச் சுருக்கத்தை அங்கம் அங்கமாக ஒரு தடவை படியுங்கள். அப்புறம் மூன்றே மூன்று பாட்டைத் தேர்ந்தெடுத்து, வாரம் முழுக்கக் காரிலோ சமைக்கும்போதோ ஓடவிடுங்கள். லா போஎம் என்றால் முதல் அங்கத்தின் கடைசி இருபது நிமிடம் போதும், அவன் ஒரு பாட்டு, அவள் ஒரு பாட்டு, அப்புறம் இருவரும் சேர்ந்து. கச்சேரியில் தெரிந்த கீர்த்தனை வந்ததும் முதுகு நிமிருமே, அந்த நிமிர்வு இங்கேயும் வரும். அந்த மெட்டுகளையே புச்சினி கடைசி அங்கத்தில் கதாநாயகி சாகும்போது மெல்லிசாகத் திரும்பக் கொண்டுவருவார், முன்பே காதில் பதிந்திருந்தால்தான் அது அடிக்கும். பதியவில்லை என்றால் ஏதோ சோகமாக வாசிக்கிறார்கள் என்பதோடு போய்விடும். இன்னும் பழக வேண்டுமென்றால் பருவக் காலத்தில் சனிக்கிழமை மதியக் காட்சியை வானொலியில் ஒலிபரப்புகிறார்கள், 1931இல் தொடங்கிய வழக்கம்.

உடை விஷயத்தில் ஒரு கட்டுப்பாடும் கிடையாது. மேல் மாடியில் ஜீன்ஸ், ஸ்வெட்டர், நேரே ஆபீஸில் இருந்து வந்த சட்டை எல்லாம் பார்க்கலாம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போக ஆசையா, தாராளமாகக் கட்டுங்கள், ஆனால் குதிகால் செருப்பு வேண்டாம், படிகள் செங்குத்து. உயரம் என்றால் தலைசுற்றும் ஆட்கள் ஃபேமிலி சர்க்கிளுக்குப் பதிலாக டிரெஸ் சர்க்கிளின் பின் வரிசையைப் பாருங்கள், விலை கொஞ்சம் கூட.

சாப்பாடு: அரங்குக்குள் சாப்பிடக் கூடாது, இடைவேளையில் விற்பதெல்லாம் யானை விலை. நான் வீட்டிலிருந்து தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய், மெட் இருக்கும் லிங்கன் சென்டர் வளாகத்தின் முற்றத்தில் இருக்கும் நீரூற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முடித்துவிட்டுத்தான் உள்ளே போவேன். குளிர்காலத்தில் அது முடியாது, ரயிலிலேயே முடித்துவிடுங்கள். தண்ணீர் உள்ளே குழாயில் கிடைக்கும்.

போகும் வழி சுலபம். பென் ஸ்டேஷனில் இறங்கினால் வடக்கே போகும் 1ஆம் எண் சப்வே, 66ஆவது தெரு லிங்கன் சென்டர் நிறுத்தம். முக்கியமானது நேரம். மெட்டில் தாமதமாக வந்தால் இடைவேளைவரை உள்ளே விடமாட்டார்கள். யாரைக் கெஞ்சினாலும் நடக்காது, வெளியே ஒரு சின்ன அறையில் திரையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரு தடவை வழியில் ஒரு காபி குடித்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன், மூன்று நிமிடம்தான் தாமதம். அன்றைக்கு லா போஎம், முதல் இரண்டு அங்கமும் இடைவேளை இல்லாமல் சேர்த்தே போவார்கள். எந்தப் பாட்டுக்காக வாரம் முழுக்கக் காரில் பழகினேனோ அதையும், அந்தக் குதிரை வண்டியையும், திரையில் பார்த்தேன். அரை மணி நேரம் முன்பே உள்ளே இருங்கள், லிப்ட் மேலே வரை போகும், ஆனால் வரிசை நிற்கும்.

சீக்கிரம் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் மார்க் ஷகால் வரைந்த இரண்டு பெரிய ஓவியங்கள் இருக்கின்றன. அதை எல்லோரும் தரைத்தளத்தில் இருந்து தலைநிமிர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள், மாடி ஏறுபவர்களுக்கு வழியிலேயே இன்னும் நெருக்கமாகப் பார்க்கக் கிடைக்கும். அரங்குக்குள் போய் உட்கார்ந்ததும் உங்கள் கண்ணுக்கும் மேடைக்கும் நடுவில் நட்சத்திரம் வெடித்த மாதிரி படிகச் சரவிளக்குகள் தொங்கிக்கொண்டிருக்கும். ஐயோ, மறைக்கிறதே என்று பயப்படாதீர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா செய்த உதவிக்கு நன்றியாக ஆஸ்திரியா கொடுத்தவை அவை. காட்சி தொடங்குவதற்குச் சற்று முன், விளக்கு மங்க மங்க, பன்னிரண்டு சரவிளக்குகள் மெதுவாகத் தங்க நிறக் கூரையை நோக்கி ஏறும். கீழே இருப்பவர்களுக்கு அது தலைக்கு மேலே நடக்கும் ஒரு வேடிக்கை. ஃபேமிலி சர்க்கிளில் நமக்கு நேரே கண் முன்னால் ஏறிப் போகும். கோயில் கருவறைத் திரை விலகும்போது ஒரு அமைதி வருமே, அது அந்த உச்சி வரிசைகளில் அப்போது வரும். 30 டாலரில் பாதி அதற்கே சரியாகிவிட்டது என்பது என் கணக்கு.

உங்கள் முன்னால், அடுத்த இருக்கையின் முதுகிலோ கம்பியிலோ, ஒரு சின்னத் திரை இருக்கும். பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் ஆங்கிலத்தில் வரிகள் ஓடும், வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம். 1995இல் கொண்டுவந்தது. முதல் தடவை வருபவர்கள் இந்தப் பொத்தான் தெரியாமல் ஒரு அங்கம் முழுக்க இத்தாலிய மொழியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று, எல்லா வரியையும் படித்துக்கொண்டே இருக்காதீர்கள். பாட்டு வரிகள் நாலு தடவை திரும்ப வரும், ஒரு தடவை படித்துவிட்டுத் தலையைத் தூக்கி மேடையைப் பாருங்கள்.

பைனாகுலர் கட்டாயம். பறவை பார்ப்பவர்கள் வைத்திருக்கும் எட்டு மடங்குக் கருவி நன்றாகவே வேலை செய்யும், ஆனால் கனம். ஐந்தாறு மடங்கு போதும், கை ஆடாது. தொடர்ந்து கண்ணிலேயே வைத்திருக்க வேண்டாம், ஒரு கதாபாத்திரம் முதலில் வரும்போது முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்ள, அப்புறம் உச்சக்கட்டத்தில், அவ்வளவுதான். இன்னொரு விஷயம், மேல் மாடிக்கே உரிய மரியாதை இது: முன்னால் சாயாதீர்கள். அந்தச் செங்குத்தில் நீங்கள் ஆர்வத்தில் ஒரு சாண் முன்னால் குனிந்தால் பின்னால் இருப்பவருக்கு மேடை பாதி போய்விடும். முதுகை இருக்கையோடு ஒட்டி வையுங்கள். இதற்காக மட்டும்தான் அங்கே சண்டை நடந்து பார்த்திருக்கிறேன்.

இப்போது காது விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பாடகர்களுக்கு மைக் கிடையாது. சபாக்களில் ஸ்பீக்கர் வழியாகவே கேட்டுப் பழகிய நமக்கு இதை நம்பவே கொஞ்ச நேரம் ஆகும். ஒரு மனிதத் தொண்டை, அதன் முன்னால் குழியில் ஒரு பெரிய வாத்தியக்குழு, ஆறாவது தளத்தில் நாம், நடுவில் வெறும் காற்று. எப்படி வந்து சேர்கிறது? வாத்தியக்குழு சேர்ந்து வாசிக்கும்போது ஒலியின் பலம் எல்லாம் 500 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 500 அதிர்வை, ஒட்டிக் குவிந்திருக்கும், அதிர்வு ஏற ஏறக் குறையும். பழகிய ஓபராக் குரல், முக்கியமாக ஆண்குரல், தொண்டையின் வடிவத்தை மாற்றி 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு தனிப் பலத்தை உண்டாக்கிக்கொள்கிறது, அங்கே வாத்தியங்களின் போட்டி குறைவு, நம் காதும் அந்த இடத்தில்தான் ரொம்பக் கூர்மை. அதாவது கத்துவதில்லை, இடைவெளி பார்த்து நுழைகிறார்கள். நம் நாடக மேடையில் மைக் இல்லாத காலத்தில் கிட்டப்பா உச்சஸ்தாயியில் பாடிக் கடைசி வரிசை வரை சேர்த்தாரே, அந்த வித்தையின் இன்னொரு கிளை.

அப்படிக் கிளம்பிய ஒலி மேலே ஏறிக் கூரையில் பட்டுச் சிதறி முதலில் சேரும் இடங்களில் ஒன்று ஃபேமிலி சர்க்கிள். தரைத்தளத்தின் பின்பகுதியில் தலைக்கு மேல் மாடி குடை மாதிரி கவிந்து ஒலியை அமுக்கும், மேலே அந்தத் தொல்லை இல்லை. எனக்கு இது புரிந்தது ஒரு இடைவேளையில். அவசரமாகக் கிளம்பிய ஒரு பெரியவர் தன் தரைத்தள டிக்கெட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஆஹா என்று ஓடிப் போய் உட்கார்ந்தேன். முகங்கள் தெரிந்தன, ஜரிகை தெரிந்தது, நெற்றி வியர்வை தெரிந்தது. ஆனால் வாத்தியங்களும் குரலும் மேலே கலந்து ஒன்றாக வந்ததே, அது இங்கே தனித்தனியாகக் கிடந்தது. கடைசி அங்கத்துக்கு மறுபடி மாடி ஏறிவிட்டேன். காலி இருக்கையைப் பார்த்து நீங்களாகக் கீழே நழுவிப் போவது பற்றிக் கேட்டால், அங்கே டிக்கெட்டைச் சரிபார்க்கும் ஆட்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்கிறார்கள், அந்த அவமானம் தேவையில்லை.

முதல் பத்து நிமிடம் சத்தம் குறைவாகத்தான் தோன்றும். சினிமா தியேட்டர் ஒலிக்குப் பழகிய காது அது. பொறுங்கள், கண் இருட்டுக்குப் பழகுகிற மாதிரி காதும் பழகும். அதற்கப்புறம் ஒருத்தி கிசுகிசுப்பது மாதிரி பாடி அது உங்கள் பக்கத்தில் வந்து விழும்போது நான் சொன்னது நினைவுக்கு வரும். திரையரங்குகளில் நேரடி ஒளிபரப்பாகவும் மெட் ஓபராக்கள் 2006இல் இருந்து வருகின்றன, தூரத்து ஊர்க்காரர்களுக்கு அது வரம், கோடைக் கடைசியில் அரங்கு முற்றத்திலேயே பெரிய திரை கட்டி இலவசமாகவும் போடுவார்கள். போய்ப் பாருங்கள், கதை பழகும். ஆனால் அதில் வருவது மைக் வழியாக வரும் குரல்.

கைதட்டுவது பற்றி ரொம்பக் கவலைப்படுகிறார்கள். விளக்கு அணைந்ததும் வாத்தியக்குழு நடத்துபவர் வருவார், தட்டலாம். பெரிய பாட்டு முடிந்ததும் தட்டலாம், ஆனால் பாடகர் நிறுத்தியதும் இல்லை, வாத்தியமும் நின்றதும். சந்தேகமாக இருந்தால் சுற்றி இருப்பவர்கள் தட்டும்வரை காத்திருங்கள், மேல் மாடியில் எப்போதும் விஷயம் தெரிந்த கிழவர்கள் இருப்பார்கள், அவர்களைப் பின்பற்றினால் போதும். ஆணுக்கு பிராவோ, பெண்ணுக்கு பிராவா, பலருக்கு பிராவி. நம் ஆட்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தொடையில் தாளம் போடக் கூடாது. தலையாட்டிக்கொண்டு "ச்ச்" கொட்டக் கூடாது, கூடவே முணுமுணுக்கக் கூடாது. நான் என்னை அறியாமல் தாளம் போட்டு முன்வரிசைப் பெண்மணி திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. இருமல் மிட்டாயை விளக்கு அணைவதற்கு முன்பே உரித்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த அமைதியில் காகிதச் சரசரப்பு பட்டாசு மாதிரி கேட்கும். போனை சைலன்ட்டில் போடுவதோடு நிற்காமல் அணைத்தே விடுங்கள், மேலிருந்து பார்க்கும்போது இருட்டில் ஒரு திரை வெளிச்சம் முழு அரங்குக்கும் தெரியும்.

அமைதி அமைதி என்றேனே, மேல் மாடிக்கு ஒரு அதிகாரமும் உண்டு. மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்கில் உச்சி வரிசை ரசிகர்கள்தான் நிஜமான நீதிபதிகள். 2006 டிசம்பரில் அங்கே ஐதாவில் ரோபெர்த்தோ அலான்யா என்ற பெரிய டெனர், அதாவது உச்சஸ்தாயி ஆண்குரல் பாடகர், முதல் பாட்டு முடித்ததும் மேலே இருந்து கூச்சல் கிளம்ப, அவர் கோபித்துக்கொண்டு மேடையை விட்டே போய்விட்டார், மாற்றுப் பாடகர் சாதாரண உடையோடு ஓடிவந்து தொடர்ந்தார். நியூயார்க்கில் அவ்வளவு காரம் கிடையாது. பாடகர்கள் மேல் நான் கூச்சல் போட்டதும் இல்லை, போடப்போவதும் இல்லை, ஆனால் கடைசியில் வணங்க வரும்போது அவர்கள் தலைநிமிர்ந்து மேல் வரிசைகளைப் பார்த்துக் கையசைப்பதைக் கவனியுங்கள், யாருக்கு என்று புரியும்.

இடைவேளை அரை மணி நேரம் வரை போகும். கழிப்பறை வரிசை நீளம், திரை விழுந்ததும் கிளம்புங்கள். அப்புறம் கீழே இறங்கி கிராண்ட் டியர் வரை நடந்து எல்லாத் தளத்தையும் சுற்றிப் பாருங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள், மணி அடித்ததும் திரும்ப ஏற நேரம் வைத்துக்கொண்டால் போதும். மேலே உங்கள் வரிசையிலேயே யாரிடமாவது பேச்சுக் கொடுங்கள். தனியாக வரும் பாட்டிமார் பலர் நாற்பது வருடமாக வருபவர்கள், "இந்தப் பாட்டை அந்தக் காலத்தில் இன்னார் பாடிக் கேட்டிருக்கிறேன்" என்று மார்கழி சபா மாமாக்கள் மாதிரியே ஆரம்பிப்பார்கள். எனக்கு எந்த ஓபராவுக்கு அடுத்துப் போக வேண்டும் என்று சொல்லித்தருவது அவர்கள்தான்.

முடிந்ததும் ரயிலைப் பிடிக்கிறேன் என்று திரை விழும் முன் எழுந்து ஓடாதீர்கள், அந்தச் செங்குத்துப் படியில் இருட்டில் விழுந்து வைப்பீர்கள், பின்னால் இருப்பவர்களுக்கும் மறைக்கும். கடைசி ரயில் நேரத்தை மதியமே பார்த்து வைத்துக்கொண்டால் இந்த அவசரம் வராது. குளிருக்குப் போட்டு வந்த கோட்டு இருந்தால் அதை வாங்கி வைக்கும் அறையில் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், திரும்பும்போது ஒரு வரிசை மிச்சம். லிப்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், படியிலேயே இறங்குங்கள். கீழே வந்ததும் சப்வேக்கு வெளியே போகாமலேயே நிலத்தடி வழி உண்டு, ஜனவரி குளிரில் அதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.